படகை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு?
பழவேற்காடு ஏரியும் துறைகளை ஊரார் நிர்வகிக்கும் முயற்சியும்

வரதய்யபாளையம்: ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சென்னையிலிருந்து வடக்கே கிளம்பும் வேன்களும் மோட்டார் சைக்கிள்களும் ஆந்திர எல்லையையொட்டி இரண்டாகப் பிரிகின்றன. மேற்கே திரும்புபவை வரதய்யபாளையம் வழியாக உப்பலமடுகு அருவியை, அதாவது சென்னைவாசிகள் "தடா அருவி" என்றழைக்கும் இடத்தை நோக்கிச் செல்கின்றன. கிழக்கே திரும்புபவை பழவேற்காடு ஏரிக் கரையிலுள்ள பீமுனிவாரிபாளையம் படகுத்துறைக்குச் செல்கின்றன. ஒரு பக்கம் மலைநீர், மறுபக்கம் உப்புநீர். இரண்டும் உயிர்களைக் கொண்ட நீர்நிலைகள்தாம்.

2022 ஏப்ரல் வரை அருவிப் பக்கம் சித்தூர் மாவட்டத்திலும், தடா, சூலூர்ப்பேட்டைப் பகுதியின் ஏரிக் கரை நெல்லூர் மாவட்டத்திலும் இருந்தன. ஆந்திர அரசு மாவட்டங்களைப் பிரித்தபோது இரண்டும் புதிய திருப்பதி மாவட்டத்தின்கீழ் வந்தன. 2025 ஜனவரியில், சில ஆண்டுகள் இடைவெளிக்குப் பின் ஃபிளமிங்கோ திருவிழா மீண்டும் நடத்தப்பட்டபோது, நேலபட்டு, அட்டகானிதிப்பா, சூலூர்ப்பேட்டை ஆகியவற்றுடன் பீமுனிவாரிபாளையமும், வரதய்யபாளையத்தை அடுத்த ஸ்ரீசிட்டியும் விழா நடைபெறும் இடங்களாயின. சுற்றுலாவைப் பொருத்தவரை இந்த வட்டாரம் ஒன்றாகிவிட்டது. ஆனால், படகில் ஏறுவோரின் உயிருக்குத் துறையில் நின்று பொறுப்பேற்பவர் யார் என்ற கேள்விக்கு இரு மாநிலங்களிலும் தெளிவான விடை இல்லை.

அந்தக் கேள்வியை இந்த ஏரி ஏற்கெனவே ஒருமுறை எழுப்பியுள்ளது. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டின் தமிழகப் பகுதியில், உறவினர்களாகக் கூடி உல்லாசப் பயணம் சென்றவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அது மீன்பிடிப் படகு, பயணிகளுக்கென்று கட்டப்பட்டதல்ல. மாவட்ட நிர்வாகம் உல்லாசப் படகு சவாரிக்குத் தடை விதித்தது. தடையை மீறிச் சவாரி நடப்பதாக அதன்பின் பல ஆண்டுகள் செய்திகள் வந்தவண்ணம் இருந்தன. வலையில் மீன் குறையும் மாதங்களில், நகரத்திலிருந்து வந்து கரையில் நிற்பவர் நீட்டும் சில நூறு ரூபாயை மறுப்பது எளிதல்ல. தடை என்பது காகிதத்தில் உள்ள ஓர் ஆணை. துறையிலோ அதை நினைவூட்ட ஆள் இல்லை.

ஒரே கதை, வேறு வேறு உரிமையாளர்கள்

நாட்டின் பெரும் படகு விபத்துகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் "ஜலகன்யகா" கவிழ்ந்து, தமிழகம் உள்ளிட்ட வெளி மாநிலத்தவர் பலர் உள்பட 45 பேர் இறந்தனர். அது கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்குச் சொந்தமான படகு. 2019 செப்டம்பர் 15 அன்று கோதாவரியில் கச்சுலூரு அருகே மூழ்கிய படகு தனியாருடையது. வெள்ளம் பெருகியிருந்த நாளில் எழுபதுக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றது. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேரைப் பலிகொண்டதும் தனியார் படகே. அந்தி சாய்ந்த பிறகு, அளவுக்கு மீறிய கூட்டத்துடன் அது கிளம்பியது. 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹரணி ஏரியில் பள்ளி மாணவர்கள் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும் இறந்தனர். அந்த ஏரி மாநகராட்சிக்குச் சொந்தம், நடத்தியவர் ஒப்பந்ததாரர்.

அரசுப் படகும் கவிழ்ந்தது, தனியார் படகும் கவிழ்ந்தது, ஒப்பந்தப் படகும் கவிழ்ந்தது, மீனவர் படகும் கவிழ்ந்தது. ஆகவே, படகு யாருக்குச் சொந்தம் என்பதை வைத்து மட்டும் வாதிடுவதில் பயனில்லை. "இன்னும் இரண்டு பேர் ஏறட்டும்" என்று சொல்லப்படும் அந்த நொடியில், "முடியாது, இறங்குங்கள்" என்று சொல்லும் அதிகாரமும், அப்படிச் சொல்வதால் நஷ்டப்படாத நிலையும் துறையில் யாருக்கேனும் இருந்தனவா என்பதே கேட்கப்பட வேண்டியது.

விதிகளுக்குப் பஞ்சமில்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017 செப்டம்பரில் படகுப் பாதுகாப்பு குறித்து தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இரண்டே மாதங்களில், நவம்பர் 12 அன்று, விஜயவாடா அருகே கிருஷ்ணை நதியில் உரிய அனுமதியின்றி ஓடிய தனியார் படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கச்சுலூரு விபத்துக்குப் பிறகு ஆந்திர அரசு படகுப் போக்குவரத்துக்கான கட்டுப்பாட்டு அறைகளை அமைக்க முடிவு செய்தது. அவை பெரும்பாலும் கோதாவரி, கிருஷ்ணை ஆகிய பேராறுகளைச் சார்ந்தவை. தலைநகரில் எழுதப்படும் நெறிகள் மாவட்டத் தலைநகர் வரை வருகின்றன. அங்கிருந்து துறைக்கு வரும் வழியில்தான் அவை காணாமல் போகின்றன.

தேக்கடியின் மறுபக்கம்

தேக்கடியையே மீண்டும் பார்ப்போம். "ஜலகன்யகா" மூழ்கிய அதே முல்லைப் பெரியாறு நீர்த்தேக்கத்தில்தான் மூங்கில் தெப்பப் பயணமும் நடைபெறுகிறது. உலக வங்கி உதவியுடன் 1990-களின் பிற்பாதியில் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ், காட்டில் வயணப் பட்டை உரித்தும் வேட்டையாடியும் வழக்குகளில் சிக்கியிருந்தவர்களைக் கொண்டு வனத் துறை குழுக்களை அமைத்தது. அவர்களே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆயினர். மூங்கில் தெப்பப் பயணத்துக்கு ஒரு குழுவில் ஏறத்தாழ பத்துப் பயணிகளே அனுமதிக்கப்படுகின்றனர். உடன் ஊர்க்குழுவின் வழிகாட்டிகளும் வனத் துறைக் காவலரும் செல்கின்றனர்.

இதில் கவனிக்க வேண்டியது தெப்பத்தின் வடிவமைப்பு மட்டுமல்ல; பணம் பங்கிடப்படும் விதமும்தான். கட்டணம் தெப்பத்தைத் தள்ளுபவரின் சட்டைப் பைக்குப் போவதில்லை. பொதுக் கணக்குக்குப் போகிறது. பதினோராவது ஆளை ஏற்றினால் தெப்பக்காரருக்கு அன்று கூடுதலாக ஒரு காசும் கிடைக்காது. பழவேற்காட்டில் 2011-இல் படகோட்டியவருக்கு ஒவ்வொரு கூடுதல் தலையும் கூடுதல் வருமானம். மனிதர்களின் பேராசையைத் திருத்துவதைவிட, அதற்கு வழியில்லாதபடி கணக்கை மாற்றி எழுதுவது எளிது.

ஒடிசாவின் சிலிகா ஏரியில் மங்கலஜோடி என்ற கிராமமும் இதே வழியில் சென்றது. பறவைகளைக் கொன்று விற்பதற்குப் பெயர்போன ஊர் அது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் தன்னார்வலர்களின் முயற்சியால் வேட்டைக்காரர்கள் சிலர் பறவைப் பாதுகாப்புச் சங்கம் அமைத்தனர். பிறகு சுற்றுலா அறக்கட்டளை உருவானது. சதுப்பு நீரில் நீண்ட கழியால் தள்ளிச் செல்லும் சிறு படகுகள். மோட்டார் சத்தம் இல்லை. 2018-இல் ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் விருது இந்த அறக்கட்டளைக்குக் கிடைத்தது. பழவேற்காட்டைப் போலவே சிலிகாவும் உப்பங்கழி. நாட்டில் முதல் பெரிய உப்பங்கழி அது, இரண்டாவது இது.

தமிழகத்தில் இதற்கு இணையாகக் காட்டக்கூடியது ஒகேனக்கல். அங்கே பரிசல் ஓட்டிகளுக்கு பென்னாகரம் ஊராட்சி ஒன்றியம் உரிமம் வழங்குகிறது. காவிரியில் நீர்வரத்து உயர்ந்தால் தருமபுரி மாவட்ட ஆட்சியர் பரிசல் இயக்கத் தடை விதிப்பதும், நீர் வடிந்ததும் தடை நீங்குவதும் ஆண்டுதோறும் காணும் செய்திகள். இந்த ஏற்பாட்டின் பலம், நிறுத்தும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதில் ஐயமே இல்லாமை. பலவீனம், நிறுத்தப்படும் நாள்களில் பரிசல் ஓட்டியின் அடுப்பு எப்படி எரியும் என்பதற்கு அதில் விடையில்லாமை. ஆற்றில் வெள்ளம் வரும்போதெல்லாம் நிவாரணம் கேட்டு அவர்கள் குரல் எழுப்புவது அதனால்தான்.

ஏரியில் ஏற்கெனவே உள்ள நாடாளுமன்றம்

பழவேற்காட்டு மீனவர்களுக்கு முறை வைத்துப் பங்கிடுவது புதிதல்ல. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் "பாடு" என்ற முறை வழிவழியாக உள்ளது. முகத்துவாரத்தையொட்டி இறால் கிடைக்கும் நீர்ப்பரப்புகள் பாடுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. எந்தத் தலைக்கட்டுக்கு எந்தப் பாடு, எந்த நாள் என்பதை ஊர்ப் பஞ்சாயத்தார் சீட்டுப் போட்டு முடிவு செய்கின்றனர். நல்ல இடம் ஒருவருக்கே நிலைப்பதில்லை. இன்று வளமான நீர் கிடைத்தவருக்கு நாளை வறண்ட இடம் வரும். முறை தவறினால் தண்டம். மீன்வள ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக வியந்து எழுதிவரும் ஏற்பாடு இது.

இதே விதியைப் படகுத்துறைக்கு நீட்டிப்பது பெரிய தாவல் அல்ல. பயணிகள் படகுகள் முறைப்படி வரிசையில் நிற்கும். சீட்டு துறையில் ஒரே இடத்தில் வழங்கப்படும். வசூல் பொதுவில் சேர்ந்து முறைக்காரர்களுக்குப் பிரியும். காற்று மாறும் நாளில் துறையை மூடுவதால் வரும் இழப்பும் எல்லோருக்கும் பொதுவாகும். வலை வீசும் இடத்தில் நடப்பது, ஆள் ஏற்றும் இடத்திலும் நடக்கலாம்.

ஆனால் பாடு முறையைப் புகழ்வோர் பெரும்பாலும் மென்று விழுங்கும் பகுதி ஒன்று உண்டு. அந்த உரிமை ஒரு சாதியைச் சேர்ந்த, திருமணமான ஆண்களின் தலைக்கட்டுக்கு உரியது. ஏரியை நம்பியே வாழும் தலித் மீனவர்களுக்கும், இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும் அதில் இடமில்லை. பாடு உள்ள ஊர்களுக்கும் இல்லாத ஊர்களுக்கும் இடையே மோதல்கள் பலமுறை மூண்டுள்ளன. ஆந்திரப் பகுதியில் யானாதிகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே. மாநில எல்லை எங்கே என்பதில் இரு மாநில மீனவர்களுக்கும் தகராறு வேறு உண்டு.

எனவே, "சமுதாயத்திடம் ஒப்படையுங்கள்" என்று தில்லிக் கருத்தரங்குகளில் எளிதாகச் சொல்லிவிட முடிகிறது; எந்தச் சமுதாயத்திடம் என்று துறையில் நின்று கேட்டால் உடனே அமைதி நிலவும். மங்கலஜோடியிலும் தேக்கடியிலும் குழுக்கள் ஊரின் பழைய அதிகார அடுக்கிலிருந்து எழவில்லை. சட்டத்தின் பார்வையில் குற்றவாளிகளாக இருந்தவர்களைக் கொண்டு புதிதாக உருவாக்கப்பட்டவை அவை. பழவேற்காட்டில் பாடு முறையின் விதியை எடுத்துக்கொள்ளலாம். அதன் உறுப்பினர் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

தில்லி கொடுத்ததும் கொடுக்காததும்

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் உள்நாட்டு நீர்வழிகளும் படகுத்துறைகளும் மாநிலப் பட்டியலில் 13-ஆவது இனமாக உள்ளன. ஆனால், இயந்திரத்தால் இயங்கும் கலங்களின் போக்குவரத்து பொதுப் பட்டியலுக்கு உரியது. தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டுவிட்டால் அது மத்தியப் பட்டியலுக்குப் போய்விடும். காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையிலான கால்வாய்த் தடம் 2008-இல் நான்காவது தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தடத்தில் உள்ள பக்கிங்காம் கால்வாய் பழவேற்காடு வழியாகத்தான் செல்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில், எஞ்சியது தமிழகத்தில். இரு பகுதிகளிலும் பறவைகள் சரணாலயம் உள்ளதால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவப்படும் நாள்களில் விண்வெளித் துறையின் கட்டுப்பாடுகளும் சேர்ந்துகொள்கின்றன. ஒரு படகு நீரில் இறங்க இத்தனை அதிகாரங்களின் நிழலைக் கடக்க வேண்டும். ஆனால், அவற்றில் எதுவும் மாலை ஐந்து மணிக்குத் துறையில் நிற்பதில்லை.

73-ஆவது திருத்தம் 1992-இல் சேர்த்த பதினோராவது அட்டவணை, ஊராட்சிகளுக்கு வழங்கத்தக்க 29 பொறுப்புகளைப் பட்டியலிடுகிறது. மீன்வளம் ஐந்தாவது. சாலை, பாலம், படகுத்துறை, நீர்வழி ஆகியவை பதின்மூன்றாவது. வழங்க வேண்டியது மாநில அரசு. ஆனால் தமிழகமும் ஆந்திரமும் துறைகளைப் பற்றிப் பேசும்போது இன்னமும் கைகாட்டுவது 1890-ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் கால்வாய்கள், பொதுப் படகுத்துறைகள் சட்டத்தின் மரபைத்தான். துறையை ஏலம் விட்டுக் குத்தகைக்குக் கொடுத்து வருவாய் பார்ப்பது வெள்ளையர் காலச் சிந்தனை. அதிக விலைக்கு ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்க என்ன செய்வார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு கதவை நாடாளுமன்றம் 2021-இல் திறந்தது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட உள்நாட்டுக் கலங்கள் சட்டம், பெகாஸஸ் விவகார அமளிக்கிடையே ஜூலை 29 அன்று மக்களவையில் போதிய விவாதமின்றி நிறைவேறியது. சில நாள்களில் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. எதிர்க்கட்சிகளின் கோபம் நியாயமானதாக இருக்கலாம். ஆனால், ஏரிக் கரைகளின் தலையெழுத்தை மாற்றக்கூடிய ஒரு மசோதா அன்று யாராலும் வாசிக்கப்படவில்லை என்பதும் உண்மை. துடுப்பு, கழி, பாய் ஆகியவற்றால் இயங்கும் கலங்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் பணியை மாவட்டம் முதல் கிராம ஊராட்சி வரையிலான உள்ளாட்சி அமைப்புகளிடம் மாநில அரசு ஒப்படைக்க அந்தச் சட்டம் வழிசெய்கிறது.

மோட்டார் படகுகளுக்கு அந்தக் கதவு திறக்கப்படவில்லை. அவற்றின் பதிவும் ஆய்வும் அரசு அதிகாரிகளிடமே. அது தவறென்று சொல்ல முடியாது. படகின் அடித்தட்டு உறுதியானதா, எஞ்சினின் திறன் என்ன என்பதை ஊர்க் கூட்டம் முடிவு செய்ய இயலாது. ஆனால், ஆய்வு என்பது ஆண்டுக்கொருமுறை நடப்பது, ஆள் ஏற்றுவது ஒவ்வொரு மணியும் நடப்பது. முதலாவதை அதிகாரியிடமும், இரண்டாவதைத் துறைக் குழுவிடமும் விடுவதில் என்ன தடை? குழுவின் கையெழுத்தின்றி எந்தப் படகும் துறையைவிட்டுக் கிளம்பக் கூடாது என்று மாநில அரசு ஒரு விதி சேர்த்தால் போதும். அத்துடன் விபத்துக் காப்பீடும் குழுவின் பெயரிலேயே இருக்க வேண்டும். பொறுப்பு இல்லாத அதிகாரம் ஊர்ப் பெரியவர்களின் கையில் மற்றொரு வரி வசூலாகவே முடியும்.

பிரிட்டனில் இதற்கு நெடுங்கால மரபு உள்ளது. கார்ன்வாலின் ஃபோயி, பாட்ஸ்டோ போன்ற சிறு துறைமுகங்கள் "அறக்கட்டளைத் துறைமுகங்கள்" என்ற வகையைச் சேர்ந்தவை. பங்குதாரர்கள் கிடையாது. சட்டப்படி அமைக்கப்பட்ட ஆணையர்கள் நிர்வகிக்கின்றனர். மீன்பிடிப் படகும் உல்லாசப் படகும் ஒரே துறையைப் பகிர்கின்றன. மிச்சமாகும் பணம் துறைக்கே திரும்புகிறது. செல்வந்தர்களின் பாய்மரப் படகுகள் நிற்கும் அந்த ஊர்களுக்கும் பீமுனிவாரிபாளையத்துக்கும் ஒப்பீடு எதுவுமில்லை. ஆயினும், துறையின் வருவாய் துறையைவிட்டு வெளியே போகக் கூடாது என்ற விதிக்கு நாடு, வளம் என்ற பேதமில்லை.

படகை நம்பி இருப்போர்

பழவேற்காட்டின் ஆழம் பெரும்பாலான இடங்களில் ஓர் ஆள் உயரத்துக்கும் குறைவு. ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் வண்டல், மணல் மூடும் முகத்துவாரம், மழை பொய்க்கும் ஆண்டுகள் எல்லாம் சேர்ந்து ஏரியை மேலும் மேடாக்குகின்றன. ஆழம் குறைந்த ஏரி ஆபத்தற்றது என்று பயணிகள் நம்புகின்றனர். முகத்துவாரத்தை நெருங்கும்போது ஓட்டத்தின் வேகம் எப்படி மாறும் என்பது மீனவருக்குத் தெரியும். சென்னையிலிருந்து காரில் வந்தவருக்குத் தெரியாது. பறவைகள் மேயும் ஆழமற்ற பகுதிகளுக்குள் மோட்டார் படகு நுழைந்தால் பூநாரைக் கூட்டம் எழுந்து பறந்துவிடும் என்பதும், எந்தத் திசையிலிருந்து எவ்வளவு தொலைவில் நிறுத்த வேண்டும் என்பதும் அவர்களுக்கே தெரியும். இந்த அறிவுக்குக் கூலி உண்டு என்ற நிலை வந்தால், குளிர்காலத்தில் பறவைகள் வரும் நான்கைந்து மாதங்களேனும் வலையின் சுமை குறையும்.

பீமுனிவாரிபாளையத்தைச் சுற்றுலாப் படகுத்துறை என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஏரியின் நடுவே உள்ள இரக்கம் தீவின் மக்களுக்கு இது உல்லாசம் அல்ல. ரேஷன் அரிசியும், பள்ளிக்கூடமும், பிரசவ ஆஸ்பத்திரியும் அக்கரையில் இருப்பவர்களின் அன்றாடப் பாதை. தமிழ் பேசும் மீனவக் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. எங்கேனும் ஒரு படகு கவிழ்ந்து, மறுநாள் எல்லாப் படகுகளையும் நிறுத்தச் சொல்லி ஆணை வந்தால், பயணி தன் ஞாயிற்றுக்கிழமையை வேறு எங்கோ கழித்துக்கொள்வார். தீவுக்காரர் வீட்டுக்குப் போக முடியாமல் கரையில் நிற்பார். துறைக் குழு அமையும் நாளில் முதல் நாற்காலி அவருக்குப் போடப்படுகிறதா என்பதைத் திருப்பதி மாவட்ட நிர்வாகம்தான் சொல்ல வேண்டும்.